மணலில் ஈரம், தாரில் ஈரம்

தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை வந்தது 2017-இல். அந்த ஆண்டு ஜூலை 27 அன்று பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் திறக்கப்பட்டது. அதே நாளில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான ஒன்பதரை கிலோமீட்டர் சாலையும் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் போன வண்டிகளுக்கு ஈர மணல்தான் சாலை. எங்கள் அப்பா அதில் வேன் ஓட்டினார். நான் சின்ன வயதில் கிளீனராக ஏறினேன், பிறகு சில வருஷம் ஸ்டியரிங் பிடித்தேன். இப்போது தங்கச்சிமடத்தில் டயர் கடை வைத்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் என் கடைக்கு வரும் சில வண்டிகளைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் நானூறு, ஐந்நூறு குதிரைத்திறன் கார்கள். இரண்டு கடலுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கும் சாலையைப் பார்த்ததும் ஓட்டுகிறவருக்குக் கால் தானாக அழுத்துகிறது. மழை இல்லாத நாளில் தப்பித்துவிடுகிறார்கள். மழை நாளில் ஒன்றிரண்டு வண்டி ரெக்கவரி லாரியில் ஏறித் திரும்புகிறது. அந்த மண்ணில் ஈரத்தோடு வண்டி ஓட்டத் தெரிந்த ஒரு தலைமுறையே இருந்தது. அவர்கள் தொழில் முடிந்துபோன அதே நாளில்தான் அந்தப் பழக்கம் மிகவும் தேவைப்படுகிற வண்டிகளுக்கு வழி திறந்தது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. அதனால் முதலில் அந்தத் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன்.

தனுஷ்கோடி ரயிலை நம்பி இருந்த ஊர். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு சென்னை எழும்பூரில் ஏறிய பயணி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போனார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. ஊரும் போனது. பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்து ராமேஸ்வரத்துக்கு ரயில் விட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் மறுபடி தண்டவாளம் போடவில்லை. மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. மீன்பிடிக்கிறவர்கள் திரும்பிப் போய்க் குடிசை போட்டுக்கொண்டார்கள். பிடித்த மீனை ராமேஸ்வரம் கொண்டுவர வேண்டும், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். பிறகு இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்க்க யாத்திரிகர்கள் வர ஆரம்பித்தார்கள். வேன் தொழில் இப்படித்தான் பிறந்தது.

வண்டிகள் எல்லாம் பழசு. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப், வேன், வெளியூரில் ஓடி ஓய்ந்து ஏலத்தில் வந்தவை. மேலே கம்பி கட்டி, உள்ளே பலகை போட்டு, முடிந்தவரை ஆளை ஏற்றுவோம். உடம்பு முழுக்கத் துரு. சாயங்காலம் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி, சேஸிஸில் பழைய இன்ஜின் ஆயிலைத் துணியால் தேய்த்து விடுவது என் வேலை. ஒரு நாள் விட்டுவிட்டால் உப்பு வீல் பேரிங்கைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

மணலில் மூன்று விதம் உண்டு. காய்ந்த மணல் சக்கரத்தை விழுங்கும். அலை வந்து திரும்பிய ஓரத்தில் கிடக்கும் ஈர மணல் இறுக்கமாக இருக்கும். மணலுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் அது ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வண்டியைத் தாங்கும். அதுதான் எங்கள் பாதை. மூன்றாவது, தண்ணீர் ஊறி நிறைந்து கலங்கிய மணல். மேலே பார்த்தால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பா நிறத்தைப் பார்த்துச் சொல்வார். கால் வைத்தால் சுற்றி வெளுக்கும் மணல் தாங்கும் என்பார். வெளுக்காமல் பளபளவென்று நின்றால் ஒதுங்கிப் போவார்.

பாதை நிலையாக ஒரே இடத்தில் இருக்காது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா பக்கம், நாங்கள் ஆண்கடல் என்று சொல்லும் பக்கம், அலை ஏறும். அப்போது வடக்கே பெண்கடல் ஓரமாகப் போவோம். வாடை தொடங்கினால் அங்கே தண்ணீர் ஏறும், உடனே வழி மாறும். மழைக்காலத்தில் நடுவிலே பள்ளங்களில் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும். முழங்கால் ஆழத்தில் வேன் போகும்.

டயரில் காற்றைக் குறைத்துக்கொள்வோம். தார் ரோட்டில் 35 பவுண்டு வைத்த டயரைச் சத்திரத்திலேயே பதினைந்து, பதினெட்டுக்கு இறக்குவார் அப்பா. வால்வில் ஆணியை வைத்து அழுத்திவிட்டு, டயரின் பக்கச் சுவர் எவ்வளவு பிதுங்குகிறது என்று பார்த்தே அளவு சொல்வார், கேஜ் தேவைப்படாது. காற்று குறைந்தால் டயர் அகலமாகப் பரவும், மணல் மேல் மிதக்கும். திரும்பி வந்ததும் சத்திரத்தில் மறுபடி காற்று அடித்துவிட்டுத்தான் ராமேஸ்வரம் சாலையில் ஏறுவார். எவ்வளவு அவசரம் என்றாலும் அதை விடமாட்டார். மணல் காற்றோடு தார் ரோட்டில் ஓட்டாதே என்பது வேன்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். இந்தச் சட்டத்தைப் பற்றிப் பின்னால் மறுபடி சொல்வேன்.

ஓட்டும் விதமும் தனி. ஈரத்தில் பிரேக் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். சட்டென்று பிரேக் போட்டால் முன்சக்கரம் மணலை முன்னால் குவித்துக்கொண்டு இறங்கும். சட்டென்று ஆக்சிலேட்டர் கொடுத்தால் பின்சக்கரம் தோண்டும். சட்டென்று ஸ்டியரிங் ஒடித்தால் முன்சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது, நேராகவே போகும். கலங்கல் வருவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, அதே கியரில் ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றக் கூடாது. எனக்குக் கற்றுக்கொடுத்த நாளில் அப்பா சொன்னது: “ஈரத்துல வண்டிய நீ ஓட்டாதடா. அது ஓடட்டும். நீ புடிச்சுக்கிட்டு மட்டும் இரு.” பக்கத்தில் உட்கார்ந்து என் கணுக்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். கால் ஒரு விரல் அளவு கூடுதலாக அசைந்தாலும் “ம்” என்பார்.

இன்னொன்று காது. ஈர மணலில் டயர் ஒரு ‘சர்ர்’ என்று சீரான ஓசை கொடுக்கும். தண்ணீர் கூடினால் மட்கார்டில் அடிக்கும் சத்தம் மாறும். இறுகிய மணல் முடிந்துவிட்டது, முன்னால் கலங்கல் என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லும். அதனால் வேனில் பாட்டுப் போடமாட்டார் அப்பா. யாத்திரிகர்கள் கேட்டாலும் போடமாட்டார்.

2017-க்குப் பிறகு சொந்தக் காரிலும் பஸ்ஸிலும் நேராக அரிச்சல்முனை அசோகத் தூண் வரை போகலாம் என்று ஆனது. வேன்கள் நின்றன. சில வண்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஓட்டியவர்கள் ஆட்டோவுக்கும் மீன் லாரிக்கும் போனார்கள். சாலை வந்தது நல்லது. தனுஷ்கோடிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும், பிரசவ வலி எடுத்தவர் ஆஸ்பத்திரி போகவும் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான், எங்கள் வேனிலேயே பார்த்தவன். சாலையை நான் குறை சொல்லமாட்டேன். ஈரத்தின் குணம் தலைகீழாக மாறிவிட்டது, அதை யாரும் வருகிறவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம். மணலில் ஈரம் எங்களைத் தாங்கியது. தாரில் அதே ஈரம் சக்கரத்தைத் தரையிலிருந்து பிரிக்கிறது.

இதில் முதல் பாடம் பாம்பன் பாலத்தில் கிடைத்தது. ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் சாலைப் பாலம் கட்ட 1974-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 2.3 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 79 கண்கள். வெயிலில் கான்கிரீட் நீளும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்க இடைவெளி விட்டு, மேலே இரும்புத் தகடு பொருத்தியிருக்கிறார்கள். இங்கே எல்லாரும் அதை ஸ்பிரிங் பிளேட் என்போம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வெறும் ‘டக்… டக்…’ சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே தூங்கி எழுந்த குழந்தைகள் பாம்பன் வந்துவிட்டது என்று சொல்லிவிடும்.

மழை விட்டவுடன் பாலத்தில் நடந்துபோய் ஒரு பிளேட்டை உற்றுப் பாருங்கள். நடுவிலும் ஓரத்திலும் துரு நிறம். சக்கரம் ஓடும் இரண்டு தடத்தில் மட்டும் முகம் பார்க்கலாம், அவ்வளவு மழமழப்பு. வருஷக்கணக்கில் டயர்களே தேய்த்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிட்டன. அதன் மேல் மழைத்தண்ணீரும் கடல் காற்றில் வந்த உப்பும் வண்டிகள் சிந்திய டீசலும் சேர்ந்து நிற்கிறது. கை வைத்தால் வழுவழு என்கிறது. மழைக்காலத்தில் இந்தப் பிளேட்டுகளில் வழுக்கி வண்டிகள் தடுப்புச் சுவரில் மோதிய செய்தி எங்கள் பகுதிப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும்.

பலம் குறைந்த கார் அந்தப் பிளேட்டைக் கடக்கும்போது பெரிதாக ஒன்றும் ஆகாது. பின்சக்கரம் இழுக்கிற பலம் மிகுந்த ஸ்போர்ட்ஸ் காரில் கதை வேறு. ஓவர்டேக் செய்ய ஆக்சிலேட்டரை அழுத்திய நேரத்தில் பின்சக்கரம் பிளேட்டில் ஏறினால், பிடிமானம் இல்லாமல் ஒரு கணம் வெறுமனே சுழலும். அடுத்த கணம் தாரில் இறங்கும்போது திடீரென்று பிடிக்கும். இரண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் ஒரே அளவாகப் பிடிக்காது. வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக வெட்டும். அந்த இடத்தில் சாலை இரண்டு வழிதான். இந்தப் பக்கம் எதிரே வரும் பஸ், அந்தப் பக்கம் சுவர், சுவருக்குக் கீழே கடல்.

உலகத்திலேயே வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் ஈரம் இரக்கம் காட்டியதில்லை. இங்கிலாந்தின் மைக் ஹாதார்ன் 1958-இல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன். அந்தப் பட்டத்தோடு பந்தயத்தை விட்டு விலகினார். மூன்று மாதத்தில், 1959 ஜனவரி 22 அன்று, கில்ட்ஃபோர்டு ஊருக்குப் பக்கத்தில் மழையில் நனைந்த சாதாரணப் பொதுச்சாலையில், தன் ஜாகுவார் காரில் வேகமாகப் போனபோது வண்டி கைமீறி மரத்தில் மோதி இறந்தார். வயது 29. பந்தயத் தடத்தில் உயிரோடு தப்பியவரை ஈரமான ஊர்ச் சாலை கொண்டுபோனது.

அந்த நாளில் டயருக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை யாரும் முழுதாக அளந்திருக்கவில்லை. நனைந்த ஓடுபாதையில் விமானங்கள் வழுக்கிப் போவதைப் பார்த்து அமெரிக்காவின் நாசாவில் வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் ஆராய்ந்து 1963-இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு வேகத்துக்கு மேல் போனால் டயருக்கு முன்னால் சேரும் தண்ணீர் ஒதுங்க நேரம் கிடைக்காது. அது டயருக்கு அடியில் நுழைந்து ஆப்பாகி டயரையே தூக்கிவிடும். அப்புறம் டயர் தரையைத் தொடாது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் கையில் இருக்கும், ஆனால் அவற்றுக்குச் சாலையோடு சம்பந்தம் இருக்காது.

அந்த வேகம் எவ்வளவு என்று அவர்கள் தந்த கணக்கு எங்கள் தொழிலுக்கு மிகப் பெரிய கொடை. பட்டன் தேய்ந்து மொட்டையான டயருக்கோ, டயரின் பள்ளத்தைவிட ஆழமாகத் தண்ணீர் நிற்கும் இடத்துக்கோ பொருந்தும் கணக்கு அது. டயரில் இருக்கும் காற்றைப் பவுண்டில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.65-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வேகம் கிடைக்கும். 36 பவுண்டு என்றால் வர்க்கமூலம் 6, மணிக்கு 100 கிலோமீட்டர். 25 பவுண்டு என்றால் வர்க்கமூலம் 5, வேகம் 83. ஆள் நிறைந்த பஸ்ஸில் 100 பவுண்டு இருந்தால் வர்க்கமூலம் 10, மணிக்கு 166. அந்த வேகத்தில் நம் பஸ் போகப்போவதில்லை. (காலி லாரி வேறு விஷயம். பாரம் இல்லாத டயர் தரையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும், அது இன்னும் குறைந்த வேகத்திலேயே தூக்கும்.) நிறைந்த பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற இடத்தில், அதன் பின்னாலேயே வருகிற விலை உயர்ந்த கார் மிதப்பதற்குக் காரணம் இதுதான்.

அகலமும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் அப்பா காலத்து அம்பாசடர் டயர் 5.90 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர். இன்றைக்கு ஒரு போர்ஷே 911-இன் பின்டயர் 305 மில்லிமீட்டர், இரண்டு மடங்கு. சாலையில் மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் நின்று, வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 30 சென்டிமீட்டர் அகல டயர் ஒன்று ஒரு நொடியில் 25 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஏறக்குறைய இரண்டு குடம். அறுபதில் போகும் அம்பாசடர் டயருக்கு வேலை ஏழரை லிட்டர்தான். காய்ந்த சாலையில் பிடிமானம் கொடுக்கத்தான் இந்த அகலம். தண்ணீரில் அதே அகலம் எதிரியாகிறது. நடுவில் இருக்கும் தண்ணீர் ஓரத்துக்குப் போக வழி நீளம், நேரம் குறைவு. பந்தயத் தடத்துக்கென்றே செய்யும் டயர்களில் பள்ளமும் குறைவு. அதைப் போட்டுக்கொண்டு மழையில் பொதுச்சாலைக்கு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சென்ற கார்த்திகையில் ஒரு மஞ்சள் நிறக் கார் கடைக்கு வந்தது, லாரி மேல். கூட வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். நல்ல பிள்ளை, கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். கம்பிப்பாடு தாண்டி ஒரு சுற்றுலா வேனை ஓவர்டேக் செய்திருக்கிறார். தூறல். வேகம் நூற்றுப்பத்து இருந்திருக்கும் என்றார். வண்டி ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, ஆண்கடல் பக்கக் கற்குவியலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஒரு ரிம் பிளந்திருந்தது.

“டிராக்ஷன் கன்ட்ரோல் ஆன்லதாண்ணே இருந்துச்சு” என்றார். மூன்று முறை சொன்னார்.

நான் டயரைப் பார்த்தேன். வலப்பக்கப் பின்டயரின் பள்ளங்களில் ஈர மணல் இறுகி அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் கிளறி எடுத்தேன். முதலில் பழுப்பு மணல், அதற்கடியில் வெள்ளையாக உப்புப் படிந்த மணல். பள்ளம் இருந்தும் தண்ணீர் போக வழியில்லை. தனுஷ்கோடிச் சாலையில் இது தினசரி நடப்பது. கச்சானும் வாடையும் மணலைச் சாலை மேல் தூவிக்கொண்டே இருக்கும். சாலை ஓரத்தில் அது மெல்லிய பட்டையாகக் கிடக்கும். அலைத்துளி பறந்து வந்து உப்புப் படியும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதனால் மழையே பெய்யாத விடியற்காலையிலும் அந்தச் சாலை நசநசவென்று இருக்கும். ஓவர்டேக் செய்ய வலது ஓரம் ஏறியபோது அந்தப் பட்டையில் வலப்பக்கச் சக்கரங்கள் இறங்கியிருக்கின்றன. இடப்பக்கம் தார், வலப்பக்கம் ஈர மணல். பயந்து காலைச் சட்டென்று எடுத்திருக்கிறார். எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிட்டது. பிறகு பிரேக்.

காற்றைச் சோதித்தேன். நாலு டயரிலும் 24 பவுண்டு.

“காத்து ஏன் தம்பி இவ்வளவு கம்மியா இருக்கு?”

“இங்க பழைய வேன்காரங்க காத்தக் குறைச்சுத்தான் ஓட்டுவாங்கன்னு ஒரு வீடியோல சொன்னாங்கண்ணே. கிரிப்பு கூடும்னு. வார்னிங் லைட்டு எரிஞ்சுச்சு, நான்தான் விட்டுட்டேன்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் தொழிலிலிருந்து பாதி விஷயம் மட்டும் பிழைத்து அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. காற்றைக் குறைப்பது தெரிந்திருக்கிறது. தாரில் ஏறுமுன் திரும்ப அடிக்க வேண்டும் என்பது தெரியவில்லை. 24-க்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 82 கிலோமீட்டர்கூட வராது. அவர் போனது நூற்றுப்பத்து. ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் நம்பிய எலக்ட்ரானிக்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நல்ல கருவி, பல உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் அது செய்வதெல்லாம் இன்ஜின் பலத்தைக் குறைப்பதும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் கொடுப்பதும்தான். டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த வேலை நடக்கும். இதை நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் காரைச் செய்கிறவர்கள். போர்ஷே கம்பெனி தன் புதிய 911-இல் முன்சக்கர வளைவுக்குள் ஒலி உணரும் கருவி வைத்திருக்கிறது. சக்கரத்திலிருந்து தெறிக்கும் தண்ணீர் அடிக்கும் சத்தத்தை வைத்து, சாலை எவ்வளவு நனைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து ஓட்டுகிறவரை எச்சரிக்கும். இதை முதல்முதலாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மட்கார்டுச் சத்தத்துக்காகப் பாட்டை நிறுத்தி வைத்த அப்பா நினைவுக்கு வந்தார்.

பலத்தைவிட டயர்தான் ஈரத்தில் பேசும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2012 மார்ச் 25 அன்று மலேசியாவின் செபாங் தடத்தில், ஃபார்முலா ஒன்னிலேயே மிகவும் மெதுவான கார்களில் ஒன்றான எச்ஆர்டியில் கடைசி வரிசையிலிருந்து கிளம்பினார். தூறல் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் நடுத்தர ஈர டயரில் கிளம்ப, அவருடைய அணி முழு மழை டயரைப் போட்டிருந்தது. மழை கொட்டியது. மற்றவர்கள் டயர் மாற்றப் போக, அவர் ஓடிக்கொண்டே இருந்தார். மழை தாங்காமல் பந்தயத்தை நிறுத்தியபோது அவர் இருந்தது பத்தாவது இடம். அவரைவிட எத்தனையோ மடங்கு செலவு செய்த அணிகள் பின்னால் நின்றன. சாலை காய்ந்ததும் அவர் பின்னுக்குப் போனார் என்பது வேறு. பெருமழை கொட்டிய அந்த நேரத்தில் தண்ணீரை ஒதுக்கத் தெரிந்த டயர்தான் முன்னால் இருந்தது.

ராமநாதபுரம் மாவட்டம் வறண்ட பூமி என்றுதான் வெளியூரில் நினைக்கிறார்கள். மாதக்கணக்கில் மழை இல்லாததே ஆபத்தைக் கூட்டுகிறது. அத்தனை மாதமும் சிந்திய ஆயிலும் டயர் தூளும் புழுதியும் சாலையிலேயே கிடக்கும். முதல் மழையின் முதல் அரை மணி நேரம் அதெல்லாம் மேலே மிதந்து வரும். பரமக்குடிப் பக்கம் உழவு டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறும் இடங்களில் கரிசல் மண் வேறு சேரும். அப்புறம் மழை வந்தால் கணக்கில்லாமல் வரும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. என் கடைக்கு முன்னால் சாலை எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். மழை நாளில் கார் கம்பெனி சொன்ன காற்றைக் குறைக்காதீர்கள். சட்டம் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்கிறது, மழைக்கு எனக்கு அது போதாது, மூன்றுக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். முன்னால் தண்ணீர் நிற்பது தெரிந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். தண்ணீருக்குள் போன பிறகு ஸ்டியரிங் லேசாகிவிட்டால் காலை மெதுவாக எடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு டயர் தரைக்கு வரும்வரை காத்திருங்கள். இதில் ஒரு வரியும் நான் கண்டுபிடித்தது இல்லை. வேன்காரர்கள் கலங்கல் மணலில் செய்ததைத்தான் சொல்கிறேன்.

அதிகாரிகளிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. பிரான்ஸ் நாட்டில் விரைவுச் சாலைக்கு இரண்டு வேகம் எழுதியிருக்கிறார்கள். காய்ந்த நாளில் 130, மழை பெய்தால் 110. ஓட்டுகிறவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, வைப்பர் ஓடினால் கீழ் எண் பொருந்தும். இங்கேயும் அப்படி வேண்டும். பாம்பன் பாலத்தின் மண்டபம் முனையிலும் பாம்பன் முனையிலும் மழைக்கு 40 என்று பலகை வையுங்கள். ஸ்பிரிங் பிளேட்டுகளின் மேல்தளத்தைச் சொரசொரப்பாக்கித் தாருங்கள். முகுந்தராயர் சத்திரத்திலும் கோதண்டராமர் கோயில் பிரிவிலும் ஈரச் சாலைக்கு 50 என்று எழுதுங்கள். ஓரத்து மணலைக் கச்சான் காலத்தில் வாரம் தவறாமல் கூட்டச் சொல்லுங்கள். எந்த வளைவில் தண்ணீர் நிற்கும், எந்த இடத்தில் மணல் ஏறும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். வேன் ஓட்டியவர்கள் ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் இன்னும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் சத்திரத்திலிருந்து முனை வரை கூடவே நடந்து ஒவ்வொரு இடமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுவார்கள்.